முதலில் வாயைக் கட்டு!

தூத்துக்குடிக்கு நான் போனது முத்தைப் பற்றி விசாரிக்க. திரும்பி வந்தது நாயைப் பற்றி யோசித்துக்கொண்டு.

சில வருடங்களுக்கு முன்னால் நடந்தது. துறைமுகத்துக்குப் போகிற சாலையில் ஒரு டீக்கடை. லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக உறுமிக்கொண்டு போகின்றன. உப்பு, நிலக்கரி, கன்டெய்னர். நான் டீயை உறிஞ்சிக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு 'கீய்ங்' சத்தம். திரும்பினால், செவலை நிறத்தில் ஒரு தெருநாய் சாலையோரத்தில் கிடக்கிறது. பின்னங்கால் தொடையில் நீளமாகக் கிழிந்து ரத்தம் கொட்டுகிறது. லாரி நிற்கவில்லை. எந்த லாரி நின்றிருக்கிறது?

கையில் இருந்த தண்ணீர் பாட்டிலோடு ஓடினேன். நமக்குத் தெரிந்த ஒரே முதலுதவி அதுதானே! அடிபட்டவன் மனிதனோ மிருகமோ, வாயில் தண்ணீர் ஊற்றிவிட வேண்டும்.

"பக்கத்துல போகாதீங்க சார்! கடிச்சிப்புடும்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கைலி கட்டிய பெரியவர். அறுபதைத் தாண்டியிருப்பார். தோளிலிருந்த துண்டை எடுத்தார், நீளவாக்கில் சரக்கென்று ஒரு பட்டை கிழித்தார். நடுவில் ஒரு சுருக்கு. நாயின் பக்கவாட்டில் மெல்ல உட்கார்ந்து, 'ஒண்ணுமில்லடே... ஒண்ணுமில்லடே' என்று பேசிக்கொண்டே சுருக்கை அதன் மூக்குத் தண்டில் மாட்டி இறுக்கினார். இரண்டு முனைகளையும் தாடைக்குக் கீழே குறுக்காகக் கொண்டுபோய், காதுகளுக்குப் பின்னால் ஒரு முடிச்சு. பத்து விநாடிதான் ஆகியிருக்கும்.

"கால்லதானே ரத்தம் வருது, வாயை எதுக்கு அண்ணாச்சி கட்டறீங்க?" என்றேன்.

"வாயைக் கட்டுனாத்தான் சார் மத்ததைக் கட்ட முடியும். வலியில இருக்குல்லா? பெத்த தாயே வந்தாலும் கடிக்கும்."

அதற்குப் பிறகுதான் காலுக்கு வந்தார். மீதித் துண்டை மடித்துக் காயத்தின் மேல் வைத்து அமுக்கினார். அமுக்கினார் என்றால், சும்மா ஐந்து நிமிடம் அசையாமல் அமுக்கிக்கொண்டே இருந்தார். நான் நடுவில், "ரத்தம் நின்னுடுச்சா, எடுத்துப் பாருங்களேன்" என்றேன். முறைத்தார். "எடுத்தா மறுபடி வரும்."

பேச்சுக் கொடுத்ததில் தெரிந்தது, அவர் சங்கு குளிக்கப் போனவர். இளவயதில் கடலுக்கு அடியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு சங்கு பொறுக்கியவர். நான் விசாரிக்க வந்த முத்துக்குளிப்பு இந்தக் கரையில் கடைசியாக நடந்தது 1961-ல். 1955-லிருந்து வருடம் தவறாமல் நடந்து, அந்த வருடத்தோடு நின்றுபோனது. முத்துக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. ஆனால், அந்தப் பத்து விநாடி வேலைக்குப் பின்னால் இருக்கிற சரித்திரம் முத்தைவிடப் பெரியது. நம்புங்கள்.

*

அதே தூத்துக்குடி மாவட்டத்தில் கொற்கை என்று ஒரு ஊர். இன்றைக்குக் கடல் அங்கே இல்லை. வண்டல் தள்ளித் தள்ளி, கடற்கரை சில கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. ஆனால் இரண்டாயிரம் வருடங்களுக்கு முன்னால் அது பாண்டியர்களின் முத்துத் துறைமுகம். முதலாம் நூற்றாண்டில் ஒரு கிரேக்க மாலுமி எழுதிவைத்த கடற்பயணக் குறிப்பில், 'கொல்கி' என்ற பெயரில் அது வருகிறது. அங்கே முத்துக்குளித்தவர்கள் தண்டனைக் கைதிகள் என்றும் அதில் இருக்கிறது.

அதற்கும் முன்னால், கி.மு. மூன்றாம் நூற்றாண்டில், இங்கிருந்து எங்கோ வடக்கே உட்கார்ந்திருந்த ஒரு பேரரசர் பாறையில் ஒரு செய்தி வெட்டிவைத்தார். அசோகர். அவருடைய இரண்டாவது பெரும் பாறைக் கல்வெட்டை கிர்னாரில் பார்க்கலாம், ஆந்திராவின் எர்ரகுடியிலும் பார்க்கலாம். விஷயம் இதுதான்: என் ராஜ்ஜியத்தில் மட்டுமல்ல, எல்லைக்கு அப்பால் இருக்கிற சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் நாடுகளிலும், தாமிரபரணி வரையிலும், ஏன், யவன அரசன் அந்தியோகஸ் தேசத்திலும்கூட இரண்டு விதமான வைத்தியத்துக்கு ஏற்பாடு செய்திருக்கிறேன். ஒன்று, மனிதர்களுக்கு. இன்னொன்று, மிருகங்களுக்கு. மூலிகை இல்லாத இடங்களுக்கு மூலிகை கொண்டுவந்து நட்டிருக்கிறேன். வழியெங்கும் கிணறு வெட்டி, மரம் வைத்திருக்கிறேன்.

அதில் வருகிற பிராகிருதச் சொல்லைப் பார்த்தால் உங்களுக்கு அகராதியே வேண்டாம். சிகிச்சை! மனிதனுக்கு ஒரு சிகிச்சை, 'பசு'வுக்கு ஒரு சிகிச்சை. இங்கே பசு என்றால் மாடு மட்டுமல்ல, பொதுவாக விலங்கு. தாமிரபரணி என்று அதில் சொல்லப்படுவது இலங்கை என்பதுதான் பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. ஆனால் நம் ஆற்றுக்கும் அதே பெயர். அந்த ஆறு கடலில் கலப்பது தூத்துக்குடி மாவட்டத்தில்தான்.

ஆக, மிருக வைத்தியம் ஓர் அரசாங்கத்தின் கடமை என்று எழுத்தில் வைத்த உலகின் மிகப் பழைய ஆவணங்களில் ஒன்றில் பாண்டிய நாட்டின் பெயர் இருக்கிறது. அந்த நாட்டு முத்துத் துறையின் வாரிசான துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில்தான் நான் தண்ணீர் பாட்டிலோடு பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு நின்றேன்.

*

சரி, அசோகருக்குப் பிறகு என்ன ஆயிற்று?

நான் பி.காம் படித்தவன். எதைப் பார்த்தாலும் ஐந்தொகைக் குறிப்பு மாதிரிதான் தெரியும். எனக்குத் தெரிந்தவரை மிருக வைத்தியத்தின் சரித்திரம் என்பது சொத்துப் பட்டியலின் சரித்திரம். யானை? ராஜாவின் படை. ஆகவே யானைக்கு வைத்தியம் உண்டு. பாலகாப்பியர் பெயரில் ஒரு பெரிய நூலே இருக்கிறது. குதிரை? அரபு நாட்டிலிருந்து கப்பல் ஏறி, இதே பாண்டியக் கரையில் வந்து இறங்கிய விலையுயர்ந்த சரக்கு. அதற்கு சாலிஹோத்திரர் பெயரில் நூல். மாடு? உழவனின் முதல். அதற்குத் தமிழிலேயே மாட்டு வாகடம். 1762-ல் பிரான்சின் லியோன் நகரில் உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளி வந்தபோதுகூட, மாடுகளைக் கொன்று குவித்த கொள்ளைநோய்தான் முக்கியக் காரணம். 1903-ல் சென்னை சைதாப்பேட்டையில், டாபின் ஹால் என்ற கட்டடத்தில் ஆரம்பித்த கால்நடை மருத்துவக் கல்லூரிக்கும் விவசாயியின் மாடுதான் முதல் கவலை.

நாய்? அது எந்தப் பட்டியலிலும் இல்லை. விற்றால் காசு வராது. கணக்குப் பிள்ளைக்கு அது பூஜ்யம்.

இதற்காக நம் ஆட்கள் நாயை மதிக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டு, மகேந்திரவர்ம பல்லவன் காலம். மாடுகளைக் காக்கப் போராடிச் செத்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்காக வைத்தது. அவன் பக்கத்தில் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதோடு விடவில்லை. அதன் பெயர் கோவிவன், அது இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றது என்று தனியாக எழுத்தும் பொறித்திருக்கிறார்கள். செத்த பிறகு நாய்க்குக் கல்வெட்டு வைத்த ஊர் இது!

தூத்துக்குடிப் பக்கமே வாருங்களேன். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை அந்த இடத்தில் எழும்பியதற்கு ஒரு கதை சொல்வார்கள். வேட்டைநாய்கள் முயலைத் துரத்த, அந்த இடம் வந்ததும் முயல் திரும்பி நாய்களைத் துரத்தியதாம். விஜயநகரத்துக்கும் அகமதாபாத்துக்கும் இதே கதை உண்டு. நிஜமோ பொய்யோ, அதில் ஒரு தகவல் இருக்கிறது. கரிசல் காட்டில் நாய் என்றால் வேட்டைக்காரன். கோவில்பட்டி, கழுகுமலை வட்டாரத்தில் இன்றும் வளர்க்கிற கன்னி, அந்தப் பக்கம் சிப்பிப்பாறை... ஒட்டிய வயிறு, நீண்ட கால், காற்று மாதிரி ஓட்டம். இந்த வகை நாய்களுக்குத் தோல் மெல்லிசு. முள்வேலியில் உரசினாலே கிழியும். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து வேட்டை குற்றமாகிற வரைக்கும், பன்றிக் கொம்பு கிழித்த நாயை வேட்டைக்காரன்தான் துணியைச் சுற்றித் தூக்கிவந்தான். டாக்டர் இல்லை. புத்தகமும் இல்லை. கைப்பழக்கம் மட்டும்தான். பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது.

*

கைப்பழக்கம் என்றதும் கடல் ஞாபகம் வருகிறது. இந்தக் கரையில் கடல்கட்டி என்று ஒருவர் இருந்தார். கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

முத்துக் குளிக்கிறவனுக்கு முதல் பயம் சுறா. கீழே இருட்டில், இடுப்பில் கயிற்றோடு, மூச்சு முட்ட சிப்பி பொறுக்குகிறவனை ஒரு கடி கடித்தால் கதை முடிந்தது. அதனால் குளிப்பு நடக்கிற நாட்களில் மந்திரம் போட்டுச் சுறாவின் வாயைக் கட்ட ஓர் ஆள். அவர்தான் கடல்கட்டி. பரம்பரைத் தொழில். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ இதை ஆச்சரியமாக எழுதியிருக்கிறார். ராஜாவுக்குப் பத்தில் ஒரு பங்கு, கடல்கட்டுகிறவருக்கு இருபதில் ஒரு பங்கு. நூறு ரூபாய்க்கு ஐந்து ரூபாய்! இன்றைய இன்ஷூரன்ஸ் கம்பெனிகளே பொறாமைப்படும்.

இன்னொரு வேடிக்கை. ராத்திரி ஆனால் மந்திரத்தை அவிழ்த்துவிடுவாராம். எதற்கு? ராத்திரியில் யாராவது திருட்டுத்தனமாகக் குளிக்கப் போனால் சுறா பார்த்துக்கொள்ளட்டும் என்று. வாட்ச்மேன் செலவும் மிச்சம். 19-ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் முத்துக்குளிப்பை நடத்தியபோதும் கடல்கட்டி இல்லாமல் குளியாளிகள் கடலில் இறங்க மறுத்தார்கள். அவர்களில் பலர் மாதா கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவர்கள் என்பது வேறு விஷயம்.

மந்திரத்தில் சுறா வாய் மூடியதா என்று என்னைக் கேட்காதீர்கள். நான் சொல்ல வருவது அந்த மந்திரத்துக்குப் பின்னால் இருக்கிற அறிவை. கடிக்கக்கூடிய ஒன்றின் பக்கத்தில் போய் வேலை பார்க்க வேண்டுமா? முதலில் வாயைக் கட்டு. நம் ஊர் மாந்திரீகத்தில் வாய்க்கட்டு என்று ஒரு பிரிவே உண்டு. இன்றைய கால்நடை மருத்துவப் புத்தகத்தைத் திறந்தால், அடிபட்ட நாய்க்கு முதலுதவி என்ற தலைப்பின் கீழ் ஆரம்பத்திலேயே வருவதும் வாய்க்கட்டுதான். மந்திரத்துக்குப் பதில் துணி.

*

அந்தக் கடிக்கு நாம் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. வெறிநோய் அறிகுறி தெரிய ஆரம்பித்துவிட்டால் கிட்டத்தட்ட யாருமே பிழைப்பதில்லை. 1885 ஜூலை 6-ஆம் தேதி, ஜோசப் மீஸ்டர் என்ற ஒன்பது வயதுப் பையனுக்கு லூயி பாஸ்டர் ஊசி போடும்வரை மனித குலத்திடம் இதற்குப் பதிலே இல்லை. இந்தியாவில் 1900-ல் கசௌலியிலும், 1907-ல் நம் குன்னூரிலும் பாஸ்டர் நிலையங்கள் வந்தன. அதற்கு முன்னால் தூத்துக்குடியில் ஒருவரை வெறிநாய் கடித்தால்? கடவுள் விட்ட வழி.

பிறகு வந்ததுதான் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி. ஆட்டு மூளையில் தயாரித்த மருந்து. நம் தலைமுறையின் பால்ய காலப் பயங்களில் பூச்சாண்டிக்கு அடுத்த இடம் அதற்குத்தான். 2005 வாக்கில் இந்தியா அதைக் கைவிட்டுவிட்டது. இப்போது கையில் போடுகிற சாதாரண ஊசிதான். ஆனால் பாருங்கள், ஊசி மாறிவிட்டது, பயம் மாறவில்லை. அடிபட்ட நாயைப் பார்த்தால் நம் கால் இரண்டடி பின்னால் போவது அந்தப் பதினான்கு ஊசியின் ஞாபகத்தில்தான்.

பயம் அரசாங்கத்துக்கும் இருந்தது. 1832-ல் பம்பாயில் தெருநாய்களைக் கொன்றால் தலைக்கு இவ்வளவு என்று வெகுமதி வைத்தார்கள். நாயைப் புனிதமாக நினைக்கிற பார்சிகள் கொதித்துப்போய்த் தெருவில் இறங்க, பெரிய கலவரம். சென்னையில் 1860-லிருந்தே மாநகராட்சி நாய்களைப் பிடித்துக் கொன்றுவந்தது என்கிறது ப்ளூ கிராஸ். நூற்றுச் சொச்சம் வருடம் கொன்றும் நாய் குறையவில்லை, வெறிநோயும் குறையவில்லை. நஷ்டக் கணக்கு என்று தெரிந்தும் நூறு வருடமாக மூடாத கம்பெனி!

அந்த ப்ளூ கிராஸின் கதையே ஒரு முதலுதவிக் கதைதான். 1959-ல் சென்னையில் ஒரு மழை வெள்ளம். தண்ணீரில் தத்தளித்த இரண்டு நாய்க்குட்டிகளைக் காப்பாற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார் கேப்டன் வி. சுந்தரம். விமானி. மனைவி உஷா சுந்தரமும் லேசுப்பட்டவர் இல்லை. லண்டனிலிருந்து பம்பாய்க்குக் கணவரோடு சேர்ந்து 27 மணி நேரத்தில் விமானம் ஓட்டிவந்த பெண்மணி! அவர்கள் வீட்டில் முளைத்தது 1964-ல் பதிவுபெற்ற அமைப்பாயிற்று. கொல்லாதீர்கள், கருத்தடை செய்து தடுப்பூசி போட்டு விடுங்கள் என்று அவர்கள் மன்றாடிக்கொண்டே இருந்தார்கள். மாநகராட்சி அதை ஏற்றுக்கொண்டது 1996-ல். 2001-ல் அதுவே மத்திய அரசின் விதியாயிற்று. இதற்கிடையில் ருக்மிணி தேவி அருண்டேல் நாடாளுமன்றத்தில் போராடியதன் பலனாக, 1960-ல் மிருகவதைத் தடுப்புச் சட்டம். இரண்டு வருடம் கழித்து விலங்கு நல வாரியம். அதன் முதல் தலைவரும் அவர்தான்.

சண்டை இன்னும் முடியவில்லை. 2025 ஆகஸ்ட்டில் டெல்லித் தெருநாய்களையெல்லாம் காப்பகத்தில் அடையுங்கள் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதும், பதினோரு நாளில் அதைத் திருத்தியதும், நாடே இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றதும் உங்களுக்குத் தெரியும். கடிபட்ட குழந்தையின் தாய் சொல்வதும் நியாயம். நாய்க்குச் சோறு வைக்கிற பாட்டி சொல்வதும் நியாயம். நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஆனால் ரோட்டோரம் ரத்தம் கொட்டக் கிடக்கிற நாய் எந்தக் கட்சியும் இல்லை.

*

இப்போது ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும்.

எனக்குப் பதினோரு வயது. வீட்டில் மணி என்று ஒரு நாய். ஒருநாள் முன்னங்காலில் கண்ணாடி கிழித்து ரத்தத்தோடு வந்தது. வீட்டில் பெரியவர்கள் இல்லை. நானே டாக்டர் ஆனேன். காபித் தூளை அள்ளி அப்பினேன். பழைய ரிப்பன் ஒன்றை எடுத்து, காயத்துக்கு மேலே, எவ்வளவு இறுக்க முடியுமோ அவ்வளவு இறுக்கிக் கட்டினேன். ரத்தம் நின்றுவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவிழ்த்தால் திரும்ப வந்துவிடுமே என்று இரண்டு நாள் அதைத் தொடவே இல்லை. மணி அந்தக் கட்டைக் கடித்துக் கடித்து இழுத்தது. நான் அதட்டினேன்.

மூன்றாம் நாள் பாதம் வீங்கிக் கறுத்துப் போயிருந்தது. நாற்றம். ஒரு வாரத்தில் மணி செத்துப்போனது. கண்ணாடிக் காயத்தால் சாகவில்லை. என் கட்டால் செத்தது. வீட்டில் யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

தூத்துக்குடி ரோட்டில் அந்தப் பெரியவர் கட்டுப் போடுவதைக் கண் கொட்டாமல் பார்த்ததற்கு அதுதான் காரணம். முதல் உலகப்போரில் செஞ்சிலுவை நாய்கள் என்று ஒரு கூட்டமே இருந்தது. முதுகில் இரண்டு பக்கமும் பை, அதில் கட்டுத்துணியும் மருந்தும். குண்டு விழுகிற வெளியில் இருட்டில் ஓடிப்போய், அடிபட்டுக் கிடக்கிற சிப்பாயைத் தேடிப்பிடித்து அவன் பக்கத்தில் நிற்கும். அவன் அந்தப் பையிலிருந்து துணியை எடுத்துத் தன் காயத்தைத் தானே கட்டிக்கொள்வான். நாய் நமக்குக் கட்டுத்துணி சுமந்திருக்கிறது ஸ்வாமி! அதற்கு ஒரு கட்டை ஒழுங்காகப் போட நமக்குத் தெரிய வேண்டாமா?

பிறகு கால்நடை மருத்துவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று. முதலில் வண்டிகளை நிறுத்துங்கள். நீங்களும் அடிபட்டால் யாருக்கும் லாபமில்லை. நாயின் கண்ணை நேராக முறைத்துப் பார்க்காமல், பக்கவாட்டில், மெதுவாகப் பேசிக்கொண்டே போங்கள். எச்சில் ஒழுகுகிறது, தள்ளாடுகிறது, காரணமில்லாமல் எதையும் கடிக்கப் பாய்கிறது என்றால் வெறிநோயாக இருக்கலாம். தொடவே தொடாதீர்கள். ஆளைக் கூப்பிடுங்கள்.

இரண்டு. வாய்க்கட்டு. பெரியவர் செய்தாரே, அதேதான். மேலே சுருக்கு, கீழே குறுக்கு, காதுக்குப் பின்னால் உருவு முடிச்சு. ஆனால் வாந்தி எடுக்கிற நாய், மூச்சு வாங்குகிற நாய், மயங்கிக் கிடக்கிற நாய், மூக்கு சப்பையான ஜாதி நாய்... இவற்றுக்கு வாய்க்கட்டு கூடாது. நாய் நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். ஆகவே தூத்துக்குடி வெயிலில் வேலை முடிந்ததும் உடனே அவிழ்த்துவிடுங்கள்.

மூன்று. சுத்தமான துணியை மடித்து வைத்து ஐந்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். துணி நனைந்தால் எடுக்காதீர்கள். அதன் மேலேயே இன்னொன்றை வையுங்கள். உறைகிற ரத்தத்தைப் பிய்த்தெடுத்தால் மறுபடி ஆரம்பிக்கும். காயத்துக்கு மேலே கயிற்றால் இறுக்குவது வேண்டாம். அதன் விலை எனக்குத் தெரியும்.

நான்கு. கட்டு மூன்று அடுக்கு. காயத்தின் மேல் ஒட்டாத சுத்தமான காஸ் துணி. அதன் மேல் மெத்தென்று பஞ்சு. அதற்கு மேல் சுருள் பேண்டேஜ். காலாக இருந்தால் பாதத்திலிருந்து ஆரம்பித்து மேல்நோக்கிச் சுற்ற வேண்டும். கீழே ஒன்றுமே சுற்றாமல் நடுக்காலில் மட்டும் இறுக்கினால் பாதம் வீங்கும். நடு விரல்கள் இரண்டின் நுனி வெளியே தெரியட்டும். அவைதான் உங்கள் மீட்டர். வீங்கினாலோ, சில்லிட்டாலோ, நாய் அந்தக் கட்டையே கடித்துக்கொண்டிருந்தாலோ உடனே தளர்த்துங்கள். கட்டுக்கு அடியில் உங்கள் இரண்டு விரல் நுழைய வேண்டும். நனைந்த கட்டை மாற்றிவிட வேண்டும்.

ஐந்து. எலும்பு முறிந்திருந்தால் நிமிர்த்தப் பார்க்காதீர்கள். நாயை ஒரு பலகையிலோ விரித்த சாக்கிலோ மெல்ல நகர்த்தித் தூக்குங்கள். ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருந்தால் நல்லது. வெளிறிப்போயிருந்தால் உள்ளே ரத்தம் போகிறது என்று அர்த்தமாக இருக்கலாம். துணி போர்த்தி, உடனே டாக்டரிடம் ஓடுங்கள்.

ஆறு. செய்யக் கூடாதவை. காபித்தூள், சுண்ணாம்பு, சாம்பல், மண்ணெண்ணெய் எதுவும் காயத்தில் வேண்டாம். சுத்தமான தண்ணீர் போதும். நமக்குப் போடுகிற பாரசிட்டமால், இப்யூபுரூஃபென் மாத்திரைகள் நாய்க்கு விஷமாகலாம். வாயில் சோறும் தண்ணீரும் வேண்டாம். தையல் போட மயக்கமருந்து கொடுக்க வேண்டிவரும். அப்போது வயிற்றில் இருப்பது மூச்சுக்குழாய்க்குள் போனால் ஆபத்து. (என் தண்ணீர் பாட்டில்!)

ஏழு. இவ்வளவு ஜாக்கிரதைக்குப் பிறகும் ஒரு பல் பட்டுவிட்டதா? குழாயைத் திறந்து, சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசியை ஆரம்பியுங்கள். டாக்டர் சொல்கிற அத்தனை ஊசியும் முடியும்வரை ஒன்றைக்கூடத் தவறவிடாதீர்கள். ஆழமான கடியென்றால் காயத்திலேயே போடுகிற இன்னொரு மருந்தும் உண்டு. கேட்டு வாங்குங்கள்.

இது முதலுதவிதான். வைத்தியம் அல்ல. கட்டிய கையோடு கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் பற்றிச் சொல்வார்கள்.

*

அன்றைக்கு ஆம்புலன்ஸெல்லாம் எங்களுக்குத் தோன்றவில்லை. டீக்கடைக்காரர் ஓர் உப்புச் சாக்கை விரித்தார். நாலு பேர் சேர்ந்து அதன் மேல் செவலையை நகர்த்தி, ஒரு குட்டியானை வண்டியை நிறுத்தி ஏற்றினோம். வண்டி நகர்ந்ததுமே பெரியவர் வாய்க்கட்டை அவிழ்த்துவிட்டார். எனக்குப் பக்கென்றது. செவலை கடிக்கவில்லை. நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்தது, அவ்வளவுதான்.

மருத்துவமனையில் டாக்டர் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரல் நுனியை அழுத்திப் பார்த்தார். "யார் கட்டினது?" என்றார். பெரியவர் கொஞ்சம் பயந்துபோய்க் கையைத் தூக்கினார், பள்ளிக்கூடப் பையன் மாதிரி.

"சரியாத்தான் கட்டியிருக்கீங்க" என்றார் டாக்டர். பன்னிரண்டு தையல். கால் தப்பித்தது.

வெளியே வந்ததும் நான் புதுத் துண்டு வாங்கப் பணம் நீட்டினேன். பெரியவர் வாங்கவில்லை. "எதுக்கு சார்? வீட்ல இன்னொண்ணு கெடக்கு" என்று பஸ் ஏறிப் போய்விட்டார். பெயரைக்கூடக் கேட்கவில்லை நான்.

இப்போது என் வண்டியின் பெட்டியில் எப்போதும் ஒரு பருத்தித் துண்டு இருக்கிறது. கூடவே இரண்டு சுருள் பேண்டேஜ், கொஞ்சம் பஞ்சு. மொத்தச் செலவு ஒரு சினிமா டிக்கெட்டுக்குக் கீழே. இதுவரை மூன்று முறை அந்தப் பெட்டியைத் திறக்க வேண்டிவந்திருக்கிறது. மூன்று முறையும் வாயைத்தான் முதலில் கட்டினேன். மூன்று முறையும் காலைக் கட்டி முடித்த பிறகு, விரல் நுனி சூடாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன். ஒரு தடவை இல்லை. பத்துத் தடவை.